இடது பக்கத்து முனகல்

அந்தச் சத்தத்தை முதலில் கேட்டது வெண்ணிலாவின் மாமியார் தையல்நாயகிதான்.

விழுப்புரத்தில் ஒரு ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் வெண்ணிலாவுக்கு வேலை. வீடு திண்டிவனத்தில். கணவன் குமரேசன் பெருமுக்கல் பக்கம் சொந்த நிலத்தில் வேர்க்கடலையும் கரும்பும் பயிர் வைக்கிறவன். நிலத்துக்குப் போய்வர அவனுக்கு பைக் போதும். அதனால் கார் பெரும்பாலும் வெண்ணிலாவின் கையில்தான் இருந்தது. மூட்டு வலிக்கு விழுப்புரத்தில் வைத்தியம் பார்த்துக்கொண்டிருந்த தையல்நாயகி, வைத்தியர் வரச்சொன்ன நாட்களில் மருமகளோடு கிளம்பிவிடுவாள். பின் சீட்டில் காலை நீட்டி, இடது பக்கக் கதவில் முதுகைச் சாய்த்துக்கொண்டு வருவது அவள் வழக்கம்.

கூட்டேரிப்பட்டு தாண்டியதும் வெண்ணிலா வேகத்தைக் கூட்டினாள். அப்போதுதான் தையல்நாயகி கேட்டாள்.

"வெண்ணிலா, பக்கத்துல எங்கனா மாவு மில்லு ஓடுதா?"

"ஹைவேயில ஏது அத்தை மாவு மில்லு?"

"ஓடுதே. தூரத்துல ஓடறாப்புல ஊம்னு ஒரு சத்தம். மில்லுன்னா தாண்டிப் போனா நின்னுடணும் இல்ல? இது நம்ம கூடவே வருது."

வெண்ணிலாவுக்கு எதுவும் கேட்கவில்லை. ஏ.சி.யை நிறுத்தினாள். பாட்டை நிறுத்தினாள். ஜன்னல்கள் மூடியிருந்தன. கொஞ்ச நேரம் மூச்சைப் பிடித்துக்கொண்டு கேட்டபோது, தரைக்கு அடியிலிருந்து வருவதுபோல ஒரு முனகல் காதில் பட்டது. வேகத்தைக் குறைத்தால் தணிந்தது. கூட்டினால் அதுவும் கூடியது. விக்கிரவாண்டி சுங்கச்சாவடியில் வண்டி ஊர்ந்தபோது சுத்தமாக இல்லை.

"இப்ப மில்லு நின்னுடுச்சு பாரு" என்றாள் தையல்நாயகி.

அன்று வேலைக்கு நடுவிலும் வெண்ணிலாவுக்கு அதே நினைப்பாக இருந்தது. இயல்பிலேயே அவள் அப்படித்தான். ஒரு பரிசோதனை முடிவு கொஞ்சம் விசித்திரமாக வந்தால், மறுபடி செய்து பார்த்து ஏன் என்று தெரிந்துகொள்ளாமல் சாப்பிடப் போகமாட்டாள். கூட வேலை செய்கிறவர்கள் இதற்காகவே அவளைக் கிண்டல் செய்வார்கள்.

வீட்டில் குமரேசனிடம் சொன்னாள். அவன் கையைக் கழுவிக்கொண்டே சிரித்தான்.

"டயர் சத்தம் அது. தேஞ்ச டயரு அப்படித்தான் பாடும்."

"இத்தனை நாள் பாடலையே?"

"இப்பதான தேஞ்சிருக்கு. நாளைக்கு டயர் கடையில முன்ன பின்ன மாத்திப் போடச் சொல்றேன். சரியாப் பூடும்."

சொன்னபடியே மாற்றினான். முன் டயர்கள் பின்னுக்கும் பின் டயர்கள் முன்னுக்கும் போயின. அடுத்த முறை தையல்நாயகி ஏறி உட்கார்ந்ததும் இருவரும் பேசாமல் கூட்டேரிப்பட்டு வரை காத்திருந்தார்கள். வேகம் கூடியது. முனகல் வந்தது. அதே இடம், அதே குரல்.

"டயர்ல இருந்து வந்தா, டயரு போன இடத்துக்கு சத்தமும் போயிருக்கணும் இல்ல அத்தை?"

"ஆமாமா. இது இங்கயே குந்திக்கினு இருக்குது."

அந்த ஞாயிற்றுக்கிழமை காலையில் வெண்ணிலா காரை எடுத்துக்கொண்டு மரக்காணம் சாலையில் புறப்பட்டாள். தையல்நாயகி தானும் வருவதாகச் சொல்லி ஏறிக்கொண்டாள். மூட்டு வலியை விட அந்தச் சத்தம் என்னவென்று தெரியாததுதான் இப்போது அவளுக்குப் பெரிய தொந்தரவாக இருந்தது. பெருமுக்கல் மலை தெரிகிற இடத்தில் சாலை நேராக, காலியாக இருந்தது. முன்னும் பின்னும் வண்டி இல்லை என்று பார்த்துக்கொண்டு வெண்ணிலா வேகத்தைக் கூட்டினாள். முனகல் எழுந்ததும் கியரை நியூட்ரலுக்குத் தள்ளினாள். எஞ்சினின் உறுமல் சட்டென்று அடங்கியது. வண்டி சும்மா உருண்டது. முனகல் மட்டும் மாறவில்லை.

"அப்ப எஞ்சின் இல்ல" என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள். "உருளுற எதுவோதான்."

அடுத்து என்ன பார்ப்பது? வளைவுகளில் சத்தம் வேறு மாதிரி இருந்ததாக அவளுக்கு ஒரு சந்தேகம்.

"அத்தை, நான் வண்டியை மெதுவா வலதுக்கும் இடதுக்கும் சாய்ப்பேன். சத்தம் ஏறினா என் சீட்டைத் தட்டுங்க. இறங்கினா தட்டாதீங்க. நான் ரோட்டைப் பார்க்கணும்."

"ஓட்டு, ஓட்டு."

காரை மெல்ல வலது பக்கம் திருப்பினாள். சீட்டின் முதுகில் படபடவென்று தட்டு விழுந்தது. இடது பக்கம் திருப்பினாள். தட்டு நின்றது. மறுபடி வலம். மறுபடி தட்டு. வெண்ணிலாவின் காதுக்கும் இப்போது தெளிவாகவே கேட்டது. வலதுபுறம் வளையும்போது முனகல் தடித்து உறுமலாகிறது, இடதுபுறம் வளைந்தால் மெலிந்துபோகிறது.

ஓரமாக நிறுத்தினாள். இருவரும் இறங்கி, தையல்நாயகி சாய்ந்திருந்த கதவுக்குப் பக்கத்திலிருந்த இடது பின் சக்கரத்தைப் பார்த்துக்கொண்டு நின்றார்கள். பார்க்க அதில் ஒன்றுமே இல்லை. மற்ற மூன்றைப் போலத்தான் இருந்தது.

"வலது பக்கம் திரும்புறப்ப பாரம் எந்தப் பக்கம் சாயும்?" என்று வெண்ணிலா கேட்டாள்.

"பஸ்ஸுல போறப்ப வலது பக்கம் திரும்புனா நாம இடது பக்கந்தான விழுவோம்?"

"அப்ப இடது பக்கச் சக்கரந்தான் பாரம் தாங்குது. பாரம் ஏற ஏறக் கத்துது."

தையல்நாயகி குனிந்து சக்கரத்தைக் கையால் தொட்டுப் பார்த்தாள். "இதுக்கும் மூட்டு வலிதான் போல" என்றாள்.

வீட்டுக்கு வந்தபோது குமரேசன் காருக்காகத்தான் காத்துக்கொண்டிருந்தான். அவன் தங்கை கலைப்பிரியா கைக்குழந்தையோடு மஸ்கட்டிலிருந்து வருகிறாள். மறுநாள் காலையில் சென்னை விமான நிலையத்துக்குப் போய் அழைத்துவர வேண்டும். காரைக் கழுவி, குழந்தைக்காகப் பின் சீட்டில் மெத்தை போட வேண்டும் என்று தண்ணீர் வாளியோடு நின்றான்.

வெண்ணிலா சொன்னதை முழுக்கக் கேட்டான். பிறகு வாளியைக் கீழே வைத்தான்.

"சரி, கூட்டிக்கினு வந்தப்புறம் காட்டுவோம்."

"போறதுக்கு முன்னாடி காட்டுவோம்ங்க."

"வண்டி ஓடுது இல்ல? பிரேக் பிடிக்குது, ஸ்டீரிங் நேரா இருக்குது, ஒரு வார்னிங் லைட்டும் எரியல. சத்தம் வந்தா வண்டியை நிறுத்திடணும்னா ஊருல ஒரு வண்டி ஓடாது."

"வர்ற எல்லா சத்தத்தையும் நான் சொல்லல. டாஷ்போர்டு கடகடங்குது, அதைச் சொன்னேனா? இது வேகத்தோட சேந்து ஏறுது. போன வாரத்துக்கு இந்த வாரம் கூடியிருக்குது. சக்கரத்துல இருந்து வருது. அது எதுன்னு தெரியாம குழந்தையை ஏத்திக்கினு ஹைவேயில வரணுமா?"

"குமரேசா, சாயந்திரம் சும்மாதான இருக்கப்போற? ஒரு வாட்டி காட்டிட்டு வா" என்றாள் தையல்நாயகி.

"நீயும் சேந்துக்கினியா? ரெண்டு பேரும் பேஜாரு பண்றீங்க" என்றான். ஆனால் வண்டியை எடுத்தான். ஒன்றுமில்லை என்று மெக்கானிக் சீனுவாசன் வாயாலேயே சொல்லக் கேட்டுவிட்டால் மறுநாள் நிம்மதியாகப் போகலாம் என்பது அவன் எண்ணம்.

சீனுவாசனின் பட்டறை ஊருக்குள்ளேயே இருந்தது. ஞாயிற்றுக்கிழமையானாலும் ஒரு வேனுக்கு அடியில் படுத்திருந்தவர் எழுந்து வந்தார். வெண்ணிலா செய்து பார்த்ததையெல்லாம் சொன்னபோது குறுக்கே பேசாமல் கேட்டார்.

"எங்க இருந்து வருதுன்னு நினைக்கிறீங்க மேடம்?"

"இடது பக்கம், பின்னாடி சக்கரம்."

ஜாக்கி வைத்து அந்தச் சக்கரத்தைத் தூக்கினார். கையால் சுழற்றிவிட்டார். சக்கரம் சத்தமே இல்லாமல் சுழன்றது. மேலேயும் கீழேயும் பிடித்து ஆட்டினார். ஆட்டம் இல்லை. மறுபடி சுழற்றிவிட்டுக் காதைக் கிட்டே கொண்டுபோனார்.

"ஒன்னுமில்லையே."

குமரேசன் வெண்ணிலாவைப் பார்த்துச் சிரித்தான். கேலியைவிட அதில் நிம்மதிதான் அதிகம் இருந்தது. தையல்நாயகிக்கு முகம் விழுந்துவிட்டது. இந்தச் சக்கரம் பேசாமல் இருக்கிறதே, அப்படியானால் காதில் விழுந்தது எது? வெண்ணிலா அந்தச் சக்கரம் நிற்கிற வரையில் பார்த்துக்கொண்டே இருந்தாள். இடது பக்கம் என்பது சரியாகத்தான் இருக்க வேண்டும். சாய்த்துப் பார்த்தது அதைத்தானே சொன்னது. பின்னால் என்பதை எங்கிருந்து எடுத்தோம்? அத்தை உட்கார்ந்த இடத்திலிருந்து.

"சத்தம் வண்டிக்கு அடியில ஓடி வேற இடத்துல கேக்குமா?" என்றாள்.

சீனுவாசன் அவளை ஒருமுறை நிமிர்ந்து பார்த்தார். "கேக்கும். தகரம் தான மேடம். முன்னாடி அடிச்சா பின்னாடி கேக்கும்."

"அப்ப முன் சக்கரத்தையும் தூக்குங்க."

இடது முன் சக்கரத்தைத் தூக்கிச் சுழற்றினார். முதல் சுற்றிலேயே வேறுபாடு தெரிந்தது. உள்ளே எதுவோ மணலை அரைப்பதுபோல மெல்லிய கரகரப்பு. அவர் குமரேசனைக் கூப்பிட்டார்.

"சார், இந்த ஸ்பிரிங்கு மேல கை வெச்சுக்குங்க. நான் சுத்துறேன்."

குமரேசன் சக்கரத்துக்கு மேலே இருந்த சுருள் கம்பியில் கையை வைத்தான். சக்கரம் சுழன்றது. அவன் முகத்திலிருந்த சிரிப்பு போய்விட்டது. கையை எடுக்காமல், "இன்னொரு வாட்டி சுத்துங்க" என்றான்.

"ஏங்க, என்ன?" என்றாள் வெண்ணிலா.

"நம்ம கிணத்து மோட்டாரு எரிஞ்சதே, அதுக்கு முன்னாடி இதே மாதிரிதான் கைக்குத் தெரிஞ்சுது. பேரிங்கு."

"பேரிங்கேதான்" என்றார் சீனுவாசன். சக்கரம் உராயாமல் சுழல்வதற்காக, சின்னச் சின்ன இரும்புக் குண்டுகள் வைத்து உள்ளே பொருத்தியிருக்கிற வளையம் அது.

"சென்னை போய்வர தாங்குமா?"

"தாங்கினாலும் தாங்கும் சார். தாங்காமலும் போய்டும். தேய ஆரம்பிச்சா எப்ப இறுகும், எப்ப சக்கரம் ஆடும்னு யாரும் சொல்ல முடியாது. பிரேக்கு லேசா கிறீச்சுன்னா, பத்து நாள் கழிச்சு வாங்கன்னு நானே அனுப்புவேன். இதை அனுப்ப மாட்டேன்."

குமரேசன் சாவியை அவரிடம் கொடுத்துவிட்டான்.

மறுநாள் அவன் ரயிலில் சென்னைக்குப் போய், வாடகைக் காரில் தங்கையையும் குழந்தையையும் அழைத்துவந்தான். "வீட்டுல காரை வெச்சுக்கினு வாடகை வண்டியா?" என்று கலைப்பிரியா வழியெல்லாம் குறைப்பட்டதாகச் சொன்னான். என்ன பதில் சொன்னீர்கள் என்று வெண்ணிலா கேட்டாள். "வந்து உங்க அண்ணியைக் கேளுன்னுட்டேன்" என்றான்.

புதிய பேரிங்கைப் பாண்டிச்சேரியிலிருந்து வரவழைத்து சீனுவாசன் மாற்றினார். வண்டியை எடுக்க மூவருமாகப் போனார்கள். குமரேசன் ஓட்டிப் பார்த்துவிட்டு வந்து தலையை ஆட்டினான். முனகல் இல்லை. ஆனால் வெண்ணிலாவுக்கு அதோடு கிளம்ப மனம் வரவில்லை.

"பழசு எங்க?"

ஒரு மூலையில் கிடந்ததை எடுத்துக் கொடுத்தார். கையடக்கமான கனத்த வளையம். வெளியில் பார்க்க நன்றாகத்தான் இருந்தது.

"இதைப் பிரிச்சுக் காட்ட முடியுமா?"

"இதுவரைக்கும் ஒருத்தரும் கேட்டதில்ல மேடம்" என்றவர், அறுக்கிற மெஷினை எடுத்து வெளி வளையத்தை ஓரிடத்தில் அறுத்து, உளி வைத்துத் தட்டினார். வளையம் விட்டுக்கொடுத்தது. பொடிக்குண்டுகள் துணிமேல் உருண்டன. உள்ளே இருந்த மசகு, துரு கலந்த காப்பி நிறச் சேறாக இருந்தது. குண்டுகள் உருளும் பாதையை அவர் துடைத்துக் கொடுத்தார். கண்ணாடி மாதிரி பளபளக்க வேண்டிய அந்தப் பாதையில் ஓரிடத்தில் மட்டும் அம்மைத் தழும்பு போலச் சின்னச் சின்னக் குழிகள்.

வெண்ணிலா நகத்தால் வருடினாள். நகம் தட்டித் தட்டிப் போனது.

"இவ்வளவுதானா?"

"அவ்ளோதான். ஒவ்வொரு குண்டும் இந்தக் குழியில விழுந்து ஏறுது. வண்டி வேகமா போனா ஜல்தி ஜல்தியா விழுந்து ஏறும். அதான் உங்களுக்கு ஊம்னு கேட்டது."

தையல்நாயகி வளையத்தை வாங்கித் தானும் விரலால் தடவினாள். "இத்தனூண்டு குழியா இத்தனை ஆட்டம் ஆட்டுச்சு" என்றாள்.

"உள்ளே துரு எப்படி வந்தது? மூடித்தானே இருக்குது?" வெண்ணிலா விடவில்லை.

"தண்ணி புகுந்திருக்குது. வெள்ளத்துல ஓட்டுனீங்களா?"

மூவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். புயல் மழையன்று, பெருமுக்கலில் பம்ப் செட் மூழ்குகிறது என்று குமரேசன் இதே காரில் சக்கரம் முழுகுகிற தண்ணீரில் போய்வந்திருந்தான். அதற்குப் பிறகு கார் எந்தக் குறையும் சொல்லாமல் பல மாதங்கள் ஓடியிருக்கிறது.

"அப்ப மத்த மூணு சக்கரமும் அதே தண்ணியிலதான போச்சு?" என்றாள் வெண்ணிலா.

சீனுவாசன் சிரித்துவிட்டார். அவள் கேட்டதற்காக மற்ற மூன்றையும் ஒவ்வொன்றாகத் தூக்கிச் சுழற்றிக் காட்டினார். இந்த முறை ஸ்பிரிங்கில் வெண்ணிலாவே கையை வைத்துப் பார்த்தாள். மூன்றும் வழவழவென்று ஓடின.

"இப்போதைக்கு ஒன்னும் வேணாம். கேட்டுக்கினே இருங்க. சத்தம் வந்தா வாங்க."

அந்த வாரக் கடைசியில் எல்லோருமாகத் திருவக்கரை கோயிலுக்குப் போனார்கள். வெண்ணிலா ஓட்டினாள். குமரேசன் பக்கத்தில் உட்கார்ந்திருந்தான். கலைப்பிரியாவின் குழந்தை ஏறிய சிறிது நேரத்திலேயே பாட்டியின் மடியில் தூங்கிப்போனது. சாலை நன்றாக இருந்த இடத்தில் வேகம் கூடியபோது ஒருவரும் பேசவில்லை. டயர் உருளும் சத்தமும் காற்றும்தான்.

"எனக்கு ஒன்னு கேக்குது" என்றாள் தையல்நாயகி.

குமரேசன் சட்டென்று திரும்பினான். "இன்னாம்மா?"

"உய்யுன்னு விசில் அடிக்கிறாப்புல. என் காதுகிட்ட."

வெண்ணிலா வேகத்தைக் குறைத்துக் கேட்டாள். பிறகு தையல்நாயகியின் ஜன்னல் கண்ணாடியை ஒருமுறை இறக்கி, இறுக ஏற்றினாள். விசில் நின்றது.

"ஜன்னல் ரப்பர் அத்தை. ஓரத்துல பிஞ்சிருக்குது, காத்து பூந்து வருது."

"பட்டறைக்குப் போகணுமா?"

"இதுக்கு அவசரமில்ல. மழைக்காலத்துக்கு முன்னாடி மாத்திக்கலாம்."

குமரேசன் திரும்பி நேராக உட்கார்ந்தான். கலைப்பிரியா ஒன்றும் புரியாமல் அண்ணனையும் அண்ணியையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, "இந்த வண்டியில பாட்டுப் போடவே மாட்டீங்களா?" என்று கேட்டாள்.