வடிகட்டிக்காரர் வீட்டு நுரை

வடிகட்டிக்காரர் தம் நாற்பத்தெட்டாவது வயதில், ஒரு செவ்வாய்க்கிழமை காலை சிறுநீர் கழித்தபோது எழுந்த நுரை உடையாமல் குளியலறை ஜன்னல் வழியாக வெளியேறி, இரண்டாம் மாடியிலிருந்து சாவகாசமாக இறங்கி, கீழே சலவைக்கடையின் பெயர்ப்பலகையில் போய் உட்கார்ந்தது. அன்று வெங்காயம் விலை ஏறியிருந்ததால் யாரும் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. மறுநாளும் வந்தது. பழி சலவைக்கடைக்காரர் தலையில் விழுந்தது. நுரை என்றால் சோப்பு, சோப்பு என்றால் சலவைக்கடை; எங்கள் தெருவின் தர்க்கம் அவ்வளவுதான். பாவம், அவர் மூன்று தடவை சோப்புத்தூளை மாற்றிப் பார்த்தார். நான்காம் வாரம்தான் அவருக்கு அண்ணாந்து பார்க்கத் தோன்றியது. நேரே மாடியேறிக் கதவைத் தட்டினார். "என்னண்ணே, உள்ள யானையைக் குளிப்பாட்டுறீங்களா?" என்று கேட்டார். "குழாயில காத்து அடைச்சிருக்கு, வேற ஒண்ணுமில்ல" என்றார் வடிகட்டிக்காரர். தண்ணீர் விஷயத்தில் அவர் சொன்னால் மறுபேச்சு கிடையாது.

வீடு வீடாகப் போய்க் குடிநீர் வடிகட்டி மாட்டுவதும் பழுது பார்ப்பதும் அவர் வேலை. ஒரு மடக்கு குடித்தே எத்தனை மாதமாக உள்ளே அழுக்கைப் பிடிக்கும் கேண்டில் குழலை மாற்றவில்லை என்று சொல்லிவிடுவார். மாற்றாதவர்களுக்கு அர்ச்சனை நடக்கும். "வடிகட்டி வாய் திறந்து பேசாதும்மா. கெட்டுப்போனாலும் தண்ணி வந்துக்கிட்டுத்தான் இருக்கும். நாமதான் தேதி பாத்து சோதிக்கணும்" என்பார். ஊருக்கு உபதேசம். அவருக்கோ ஒன்பது வருடமாகச் சர்க்கரை.

கம்பெனியில் வருடம் ஒருமுறை எல்லாருக்கும் சிறுநீர்ப் பரிசோதனை உண்டு. சர்க்கரை சிறுநீரகத்தைத் தொட்டுவிட்டது என்று தெரிந்தால், தெரு வேலையிலிருந்து எடுத்துக் கிடங்கில் உட்கார வைத்துவிடுவார்கள். நாலு வீடு ஏறி இறங்கி நாலு பேரிடம் வாயாடாவிட்டால் அவருக்கு மூச்சு முட்டும். ஆகவே அந்தச் சின்ன பிளாஸ்டிக் குப்பியை வீட்டுக்குக் கொண்டுவந்து, திரைச்சீலை தைத்துக்கொண்டிருந்த மனைவியிடம் நீட்டினார். "நீயே நிரப்பிக் குடுத்துடும்மா. உனக்குத்தான் ஒரு நோயும் இல்லையே." அவள் ஊசியைத் துணியில் குத்திவிட்டு எழுந்து போனாள். சண்டை வேண்டாமே என்ற நினைப்புத்தான். முடிவு கண்ணாடி மாதிரி சுத்தமாக வந்தது. அடுத்த வருடமும் அப்படியே. நுரை பறந்ததுகூடப் பெரிதில்லை. இரண்டாம் வருடத்திலிருந்து அவரே அந்தக் காகிதத்தை நம்பத் தொடங்கினார், அதுதான் அதிசயம். குளிர்பெட்டிக் கதவில் ஒட்டி வைத்து வந்தவருக்கெல்லாம் காட்டினார். சாப்பாட்டில் மேலும் உப்பைத் தூவினார். பையைச் சுமந்த தோள் வலிக்கு, மிட்டாய் போல வலி மாத்திரைகளை வாயில் போட்டுக்கொண்டார்.

குமிழிகளுக்குள் என்ன இருந்தது என்பது இரண்டாம் வருட முடிவில் தெரிந்தது. ஒன்று சலவைக்கடைக்காரர் மூக்கில் பட்டு உடைந்தபோது, வடிகட்டிக்காரரின் சீழ்க்கை கேட்டது; வேலை முடிந்து படியேறும்போது கதவைத் திறக்கச் சொல்லி அவர் அடிக்கும் அதே இரண்டு சுரம். மேலே மனைவி எழுந்துபோய்க் கதவைத் திறந்தாள். படியில் யாரும் இல்லை. இன்னொன்று உடைந்தபோது சலவைக்கடைக்காரர் கையில் ஒரு நிமிடம் முறுக்கேறி, ஒரு மாதமாக மசியாத டப்பா மூடி சட்டென்று திறந்துகொண்டது. செய்தி பரவ எவ்வளவு நேரம் ஆகும்? இறுகிய மூடி உள்ளவர்கள் எல்லாரும் காலையில் ஜாடியும் கையுமாக அந்த ஜன்னலுக்குக் கீழே நின்றோம். அந்த மனுஷன் துளித்துளியாக வெளியே போய்க்கொண்டிருக்கிறார் என்று ஒருவருக்கும் தோன்றவில்லை. தோன்றியவர்களும் மூடியைத் திறந்துகொண்டுதான் வீட்டுக்குப் போனார்கள்.

ஐந்தாம் வருடம் அவருக்குச் சீழ்க்கை வரவில்லை. உதட்டைக் குவித்தால் வெறும் காற்று. மற்றவர்களைப் போல அழைப்பு மணியை அழுத்தினார். அவள் மட்டும் தெருவில் குமிழி உடையும்போதெல்லாம் எழுந்துபோய்க் கதவைத் திறந்து, படியைப் பார்த்துவிட்டுத் திரும்பினாள். ஏழாம் வருடம் அவர் செருப்பு பாதத்தில் ஏற மறுத்தது. ஒரு மாலை அவள் அவர் கணுக்காலுக்கு மேலே கட்டைவிரலால் அழுத்திப் பார்த்தாள். விழுந்த குழி, ஒரு திரைச்சீலையின் ஓரம் முழுக்க அவள் தைத்து முடித்த பிறகும் மேலே வரவில்லை. நூலைக்கூடக் கத்தரிக்காமல், அவர் கையைப் பிடித்து டாக்டரம்மாவிடம் இழுத்துக்கொண்டு போனாள்.

டாக்டரம்மா ரத்தமும் எடுத்தார். அவரைத் தம் கண்ணெதிரே உள்ள அறைக்கு அனுப்பிச் சிறுநீரும் வாங்கினார். சிறுநீரகத்தின் வேலையில் மூன்றில் ஒரு பங்குதான் மிச்சம் என்று சொல்லிவிட்டு, கம்பெனிப் பரிசோதனையின் ஏழு வருடத்துக் காகிதங்களைப் புரட்டினார். "இது வேற யாரோ ஆளோடது மாதிரி இருக்கே?" என்றார்.

"என்னோடதுங்க" என்றாள் மனைவி. "ஏழு வருஷமா, நான் நல்லா இருக்கேன்னு அவருக்குச் சொல்லிக்கிட்டு இருந்திருக்கேன்."

டாக்டரம்மா காகிதங்களை மடித்து ஓரமாக வைத்தார். "முதல் நுரைக்கே வந்திருந்தா நிறைய காப்பாத்தியிருக்கலாம். போனது வராதும்மா. இருக்கிறதைப் பிடிச்சு வைப்போம்" என்றார்.

பிடித்து வைத்தார்கள். சர்க்கரையும் ரத்த அழுத்தமும் கட்டுக்குள் வந்தன. உப்பு டப்பா பரணுக்குப் போனது. வலி மாத்திரைகள் குப்பைக்குப் போயின; சிறுநீரகத்துக்கென்று டாக்டரம்மா எழுதிய மாத்திரை ஒருநாளும் தவறவில்லை. மூன்று மாதத்துக்கு ஒருமுறை அவரே தம் குப்பியை நிரப்பினார். கம்பெனியில் உண்மையைச் சொல்லிவிட்டுக் கிடங்கில் உட்கார்ந்தார். நினைத்தபடி மூச்சு முட்டவில்லை, அங்கிருந்த எலிகளோடு வாயாடினார். குமிழிகள் பட்டாணியளவாகி, கடுகளவாகி, வாரத்துக்கு ஒன்றிரண்டாகக் குறைந்தன. எங்கள் மூடிகள் மறுபடி இறுகின. அதற்காக எங்களில் சிலர் முணுமுணுத்தோம் என்பதையும் எழுதித்தான் ஆகவேண்டும்.

இப்படி ஆறு வருடம். சீழ்க்கை மட்டும் திரும்பவில்லை. பிறகு ஒரு மழைக்காலத்துக் காய்ச்சல் மிச்சத்தையும் வாரிக்கொண்டு போனது. வாரம் மூன்று நாள் ரத்தம் சுத்திகரிக்கும் இயந்திரத்தோடு கட்டிப்போட்டார்கள். முதல் நாளே அங்கிருந்த பணியாளரிடம், "இதுல கேண்டில் எப்பப்பா மாத்தினீங்க?" என்று விசாரித்தார். அறையே சிரித்தது. கூடப் போயிருந்த மனைவி சிரிக்கவில்லை. ஒன்றரை வருடம் போய் வந்தார்.

அவர் ஒரேயடியாகப் போய்ச் சேர்வதற்கு முந்தின நாள் காலை, கடைசியாக ஒரு குமிழி வந்தது. கைமுட்டியளவு. அது ஜன்னலுக்குப் போகவில்லை. கூடத்துக்கு வந்து, தையல் இயந்திரத்துக்கும் வாசற்கதவுக்கும் நடுவில் முகத்தின் உயரத்தில் நின்றுகொண்டது. சடங்கெல்லாம் முடிந்ததும் சலவைக்கடைக்காரர்தான் அவளிடம் கேட்டார்: "உடைச்சா அந்தச் சீழ்க்கையை ஒரு தடவை கேக்கலாமேம்மா?"

"ஒரு தடவைதானே கேக்கும்" என்றாள் அவள்.

அது நடந்து நான்கு வருடமாகிறது. கோடையிலும் அந்தக் கூடத்தில் மின்விசிறி சுழல்வதில்லை. ஊசிகளை மூடி போட்ட டப்பாவில்தான் வைக்கிறாள். அந்த மூடி எப்போதாவது இறுகிக்கொண்டால் கீழே சலவைக்கடைக்கு எடுத்துப்போய்த் திறந்து வாங்கி வருகிறாள். போன மாதம் மின்கணக்கு எடுக்கப் புதிதாக ஒருவர் வந்தார். அவள் தையலிலிருந்து தலையை நிமிர்த்தாமல், "குனிஞ்சு வாங்க, அவர் நிக்கிறாரு" என்றாள். வந்தவர் குனிந்து உள்ளே போனார், எண்ணைக் குறித்துக்கொண்டார், வரும்போதும் குனிந்து வந்து, கதவை மெதுவாகச் சாத்திக்கொண்டு அடுத்த வீட்டுக்குப் போனார்.