அம்பிட்டிய வீட்டுக்கு ஒரு வைரஸ் கார்ட்

புதுக் கணினிக்குள் வைரஸ் புகாமல் காவல் நிற்க எந்த வைரஸ் கார்ட் நல்லது என்று கேட்டால் கண்டிப் பக்கத்து அம்பிட்டியவில் ஆளுக்கொரு பதில் சொல்வார்கள். காசு கொடுத்து வாங்குவதுதான் காக்கும் என்பார் ஒருவர். இணையத்தில் சும்மா கிடைப்பதே தாராளம் என்பார் இன்னொருவர். கணினியின் பக்கமே போகாதவர்கள்தான் இதில் அடித்துப் பேசுவார்கள். நிஷாந்தினியின் கணவன் மோகனராஜ் சொன்னதோ வேறு. "நான் ஒண்ணு போட்டுத்தான் குடுத்திருக்கேன். நீ அதத் தொடாத" என்றான்.

அவளும் தொடாமல் இருக்கத்தான் பார்த்தாள். ஆனால் பிழைப்பு அதில் இருந்தது. கண்டி நகரத்தில் சட்டத்தரணி றமீலாவுக்கு காணி உறுதிகளும் சத்தியக் கடதாசிகளும் தமிழில் தட்டச்சு செய்து கொடுப்பது அவள் வேலை. வீட்டிலிருந்தே செய்வாள். பழைய கணினி சாகப்போகிற நேரத்தில் அவளுடைய பென் டிரைவ் வழியாக ஏதோ ஒரு சனியன் அந்த அலுவலகத்துக்குள் புகுந்து கோப்புகளையெல்லாம் நாசமாக்கிவிட்டது. புதுக் கணினி வந்த பிறகும் றமீலாவுக்குப் பயம் தெளியவில்லை.

"உங்கட மாப்பிள்ள போட்ட வைரஸ் கார்ட்டுக்கு பேரென்ன?" என்று கேட்டார்.

"அது தெரியாதுங்க" என்றாள் நிஷாந்தினி.

"பேர் தெரியாத காவல்காரன நம்ப ஏலாது. நல்லதொண்ட பாத்துப் போட்டுட்டு பைல அனுப்புங்க."

அதனால்தான் நகரத்தில் கணினிக் கடை வைத்திருக்கும் அர்கமிடம் போனாள். அவர் மூன்று நான்கு பெட்டிகளை எடுத்துப் பரப்பி, கடைசியில் ஒன்றை ஒரு மாதம் சும்மா பாவித்துப் பார்க்கும்படி பென் டிரைவில் ஏற்றிக் கொடுத்தார். "பழையத கழட்டிட்டு இத போடுங்க மிஸ். ரெண்டு கார்ட் ஒரே வீட்டுல நிண்டா ரெண்டும் சண்டதான் பிடிக்கும்" என்றார்.

சனிக்கிழமை. மோகனராஜ் கட்டுகஸ்தோட்டையில் வேலையாகப் போயிருந்தான். சிசிடிவி கமெரா பொருத்துகிற கம்பனியில் அவன் சுப்பர்வைசர். ஊரார் வீட்டுச் சுவர்களுக்கெல்லாம் கண் வைத்துக் கொடுப்பவன். மகள் சஞ்சீவனி ஹோலில் கார்ட்டூன் பார்த்துக்கொண்டிருந்தாள். நிஷாந்தினி பழைய கார்ட்டைக் கழற்றினாள், புதியதைப் போட்டாள், கணினி முழுவதையும் தேடச் சொல்லி பட்டனை அழுத்தினாள். திரையில் பச்சைக் கோடு ஊர்ந்தது. அவள் தேநீர் ஊற்றப் போனாள்.

திரும்பி வந்தபோது திரை முழுக்கச் சிவப்பு.

கீலொகர் என்று ஆங்கிலத்தில் பெரிதாக எழுதியிருந்தது. அது என்ன இழவென்று அவளுக்குத் தெரியாது. அதன் கீழே சிறிய எழுத்தில் இருந்ததை ஒவ்வொரு சொல்லாகக் கூட்டி வாசித்தாள். இந்தக் கணினியில் தட்டப்படும் ஒவ்வொரு எழுத்தையும் பதிந்து இன்னொருவருக்கு அனுப்பக்கூடிய மென்பொருள். கோப்பையை மேசையில் வைத்துவிட்டு மறுபடி வாசித்தாள்.

அவள் அந்தக் கணினியில் உறுதிகள் மட்டும் தட்டவில்லை.

மோகனராஜைப் பற்றிக் கேட்டால் அக்கம்பக்கத்தில் நல்லவிதமாகத்தான் சொல்வார்கள். குடி கிடையாது. பெண்டாட்டி மேல் ஒரு நாளும் கை நீட்டினதில்லை என்று அவனே நாலு பேர் முன்னால் பெருமையாகச் சொல்லிக்கொள்வான். உண்மைதான், நீட்டினதில்லை. வேலைக்குப் போகும்போது கதவை வெளியே பூட்டிச் சாவியை எடுத்துக்கொண்டு போவான், அவ்வளவுதான். வந்ததும் அவளுடைய போனை வாங்கி யார் யார் பேசினார்கள் என்று பார்ப்பான். அப்படிப் பூட்டியிருந்த ஒரு பகலில்தான் சஞ்சீவனிக்குக் காய்ச்சல் கொதித்தது. ஜன்னல் கம்பிக்குள்ளால் கூப்பிட்டுக் கூப்பிட்டு, பக்கத்து வீட்டு அம்மா பெனடோல் மாத்திரைப் பட்டையை எறிய, அதைப் பொறுக்கிப் பிள்ளைக்குக் கொடுத்தாள். இனி இந்த வீட்டில் இருப்பதில்லை என்று அன்றைக்குத்தான் முடிவு செய்தாள்.

புசல்லாவையில் ஆசிரியையாக இருக்கும் அக்கா கலாராணிக்கு எல்லாவற்றையும் எழுதினாள். போனில் எழுதினால் பிடிபடும் என்று புதுக் கணினியில், மின்னஞ்சலில் எழுதினாள். வருகிற வெள்ளிக்கிழமை, அவன் வேலைக்குப் போன பிறகு, பிள்ளையைப் பாடசாலையிலிருந்து கூட்டிக்கொண்டு அப்படியே புசல்லாவை வழியாகப் போகும் நுவரெலியா பஸ்ஸில் ஏறிவிடுவது என்று ஏற்பாடு.

இதற்கிடையில் ஒரு கூத்து நடந்தது. கணினியை வாங்கிக் கொடுத்த நாளிலிருந்து மோகனராஜ் கதவைப் பூட்டுவதை விட்டுவிட்டான். ஒரு வார்த்தை சொல்லவில்லை, சும்மா விட்டுவிட்டான். முகமும் கொஞ்சம் இளகியிருந்தது. மனுசன் திருந்திவிட்டாரோ, அவசரப்பட்டுவிட்டோமோ என்று அவளும் உருகத் தொடங்கியிருந்தாள். பெண் மனது இளகியது என்று யாரும் கதை அளக்க வேண்டாம். பூட்டிக் கிடந்தவளுக்குத் திறந்த கதவைக் காட்டினால் யாருக்குத்தான் இளகாது? ஆனால் இன்று காலை, பாண் துண்டைத் தேநீரில் தோய்த்துக்கொண்டே அவன் சொன்னான்: "வர்ற வெள்ளிக்கிழமை லீவு போட்டிருக்கேன். மூணு பேருமா எங்கயாச்சும் போவமா?" சொல்லிவிட்டுச் சிரித்தான். அவன் லீவு போட்டு அவள் பார்த்ததேயில்லை.

அப்போது தற்செயல் என்று நினைத்தாள். இப்போது அந்தச் சிரிப்புக்கு வேறு அர்த்தம் தெரிந்தது.

அர்கமுக்குப் போன் எடுத்தாள். வாசித்ததை அப்படியே சொன்னாள். அவர் அங்கே வாய்விட்டுச் சிரித்தார்.

"பயப்பட வாணாம் மிஸ். தமிழ் அடிக்கிற கீபோர்ட் சொப்ட்வெயார் ஒண்டு போட்டிருப்பீங்களே?"

"ஆமா, இவருதான் போட்டுக் குடுத்தாரு."

"அதுதான். நீங்க அடிக்கிற ஒவ்வொரு கீயையும் பாத்துத்தானே அது தமிழெழுத்தா மாத்துது? இந்த கார்ட்டுக்கு அத கண்டா களவன் போல விளங்கும். எங்கட கடைக்கு மாசத்துக்கு நாலு பேராவது இதுக்குப் பயந்து ஓடி வாராங்க."

போன உயிர் திரும்பி வந்தது. இவ்வளவுதானா? கட்டின புருசனை ஒரு நொடியில் களவனாக்கிவிட்டோமே என்று தன்னையே திட்டிக்கொண்டாள். சிரிப்புக்கூட வந்தது.

"சந்தேகமிருந்தா அத குவாரண்டைன்ல போட்டுட்டு தமிழ் அடிச்சுப் பாருங்க" என்றார் அர்கம். "இங்கிலீஸ் விழுந்தா, அதுதான் ஆள். திருப்பி எடுத்து விட்டுடுங்க."

கொரோனாவுக்குப் பிறகு குவாரண்டைன் தெரியாத ஆள் இலங்கையில் கிடையாது. நிஷாந்தினி அந்தச் சிவப்பு வரியைப் பிடித்து அடைத்தாள். வெள்ளைப் பக்கம் ஒன்றைத் திறந்து விசைகளில் விரல்களை வைத்தாள். முருகா, இங்கிலீஷ் விழணும் என்று வேண்டிக்கொண்டாள். தமிழ் அடித்துப் பிழைக்கிறவள் தமிழ் வரக்கூடாது என்று நேர்ந்துகொண்டது அதுதான் முதல் தடவை.

வேறு எதுவும் தோன்றாமல், உறுதிகளின் முதல் வரியை விரல்கள் தாமாக அடித்தன.

இத்தால் சகலரும் அறிந்துகொள்வதாவது.

ஒரு புள்ளி பிசகாமல், அழகான தமிழ்.

அழித்துவிட்டு மறுபடி அடித்தாள். மறுபடியும் தமிழ். தமிழ் விசைப்பலகை அதன் பாட்டுக்கு வேலை செய்துகொண்டிருந்தது. அடைபட்டது வேறு. கதவிலிருந்த பூட்டை அவன் கழற்றவில்லை, கணினிக்குள் கொண்டுபோய் மாட்டியிருக்கிறான் என்பது அப்போதுதான் விளங்கியது. அக்கா, பஸ், வெள்ளிக்கிழமை, எல்லாம் அவனுக்குத் தெரியும். தெரிந்துகொண்டே காலையில் சிரித்திருக்கிறான்.

போன் அடித்தது. மோகனராஜ். வேலை நேரத்தில், ஏணியில் நிற்கிற நேரத்தில், அவன் அவளுக்குப் போன் எடுப்பதேயில்லை. களவனை அடைத்ததும் அவனுக்குப் போகிற எழுத்து நின்றிருக்க வேண்டும்.

"கொம்பியூட்டர்லயா இருக்க?"

"ஆமாங்க. உறுதி ஒண்ணு அடிக்கிறேன்."

"புதுசா ஏதாச்சும் போட்டியா?"

இல்லை என்று சொன்னால் தொலைந்தாள். அவளுக்குக் கைகொடுத்தது அர்கமின் தவறான விளக்கம்தான்.

"வக்கீலம்மா சொன்னாங்கன்னு ஒரு வைரஸ் கார்ட் போட்டேங்க. என்னமோ செவப்பா காட்டுச்சு, பயந்தே போயிட்டேன். கடையில கேட்டா, தமிழ் அடிக்கிற கீபோர்ட்டத்தான் அப்படிக் காட்டும்னு சிரிக்கிறாங்க."

மறுமுனையில் ஏணியை விட்டு இறங்கும் சத்தம் கேட்டது.

"அதேதான்" என்றான் பிறகு. குரலில் இறுக்கம் விட்டுப்போயிருந்தது. "அந்தக் கீபோர்ட்டுதான். அத வெளிய எடுத்து விட்டுட்டு, புதுசக் கழட்டிப் போடு. எதுக்கும் நான் இப்ப வர்றேன்."

வைத்துவிட்டான். கட்டுகஸ்தோட்டையிலிருந்து மோட்டார் சைக்கிளில் வர எவ்வளவு நேரமாகும்? பிள்ளையோடு ரோட்டில் இறங்கினால் எதிரிலேயே வந்து நிற்பான். அக்கா வீட்டுக்கும் இனிப் போக முடியாது; முதலில் தேடி வருவதே அங்கேதான். பயத்தில் அழுகை முட்டியது. அதே பயம்தான் அவளுக்கு ஒரு வழியையும் காட்டியது.

அடைத்த களவனைத் திறந்து விட்டாள். அவன் சொன்னபடியே அர்கமின் கார்ட்டைக் கழற்றினாள். பிறகு அக்காவுக்கு எழுதத் தொடங்கினாள், அக்கா படிப்பதற்காக அல்ல.

"அக்கா, வெள்ளிக்கிழமை நான் வரல. இவரு மாறிட்டாரு. இப்பல்லாம் கதவு பூட்டுறதேயில்ல. எனக்காக கொம்பியூட்டரும் வாங்கித் தந்திருக்காரு. சஞ்சுவுக்கும் அப்பா வேணுந்தானே. உனக்கு வீண் அலைச்சல் குடுத்துட்டேன். மன்னிச்சுக்க."

எழுதும்போது கண்ணீர் பொலபொலவென்று விசைகளில் விழுந்தது. பொய் சொல்கிறோமே என்று அழவில்லை. இன்று மத்தியானம் வரை இதில் பாதியை அவள் நம்பியிருந்தாள், அதற்காகத்தான் அழுதாள். துடைத்துக்கொண்டு அனுப்பினாள். போனைக் கையில் வைத்துக்கொண்டு, எழுந்திருக்கத் துணிவில்லாமல் உட்கார்ந்திருந்தாள். ஹோலில் கார்ட்டூன் கத்திக்கொண்டிருந்தது.

போன் சிணுங்கியது. மோகனராஜின் மெசேஜ்.

"வேல இன்னும் கெடக்கு. பின்னேரந்தான் வர்றேன். ராத்திரிக்கு சமைக்காத, கொத்து ரொட்டி வாங்கிட்டு வர்றேன். சஞ்சுவுக்கு ஐஸ்கிறீமும்."

அவள் அவனிடம் ஒன்றும் சொல்லவில்லை. எழுதியது புசல்லாவைக்கு, பதில் வந்தது கட்டுகஸ்தோட்டையிலிருந்து. அந்தக் கொத்திலும் ஐஸ்கிறீமிலும் இருந்த சந்தோசம் நிசமானது என்பது அவளுக்குத் தெரிந்தது. பயங்கரமே அதுதான். அவன் சத்தம் போட்டிருந்தால்கூட இவ்வளவு பயந்திருக்கமாட்டாள்.

"வாங்கிட்டு வாங்க" என்று பதில் போட்டுவிட்டு, போனைக் கணினிக்குப் பக்கத்திலேயே வைத்தாள். அலுமாரியிலிருந்து அடையாள அட்டையையும் பிள்ளையின் பிறப்புச் சான்றிதழையும் எடுத்துக் கைப்பைக்குள் திணித்தாள். உடுப்பு ஒன்றும் எடுக்கவில்லை. டீவியை நிறுத்தாமல் சஞ்சீவனியின் கையைப் பிடித்தாள்.

"எங்கம்மா போறோம்?"

றமீலாவின் வீட்டுக்கு என்று நாக்கு நுனி வரை வந்தது. உதட்டில் விரலை வைத்துத் தலையை ஆட்டினாள். ஊரெல்லாம் கண் பொருத்துகிறவன் வீடு இது. கணினிக்குள் வைத்தவன் கூரையில் ஒட்டுக்கேட்கிற ஒன்றை வைக்கவில்லை என்று யார் கண்டது? படிக்கட்டில் பிள்ளை மறுபடி கேட்டது, அப்போதும் சொல்லவில்லை. பஸ் நிறுத்தத்தில் கேட்டது, அங்கேயும் வாயைத் திறக்கவில்லை. கண்டி பஸ்ஸில் ஏறி, கதவு மூடி, இன்ஜின் இரைந்து பஸ் அசைந்த பிறகுதான் குனிந்து மகளின் காதுக்குள் சொன்னாள்.