தப்பாகச் சொன்னால்தான் பேசுவார்

ஆபரேஷன் தியேட்டர்காரர்கள் அவளுக்கு வைத்திருந்த பெயர் வாயாடி. பேச்சு சிகிச்சை நிபுணர் என்று அறைக் கதவில் பலகை தொங்கத்தான் செய்தது. அதை யார் படித்தார்கள்? அவளுக்கும் அதில் வருத்தமில்லை. மூளையைத் திறந்து வைத்திருக்கும் நேரத்தில், விழித்திருக்கும் நோயாளியை விடாமல் பேச வைப்பதுதான் அவள் வேலை. அதற்கு வாய் வேண்டாமா?

விழித்திருக்கும் நோயாளியா என்று பயப்பட வேண்டாம். மூளைக்கு வலி தெரியாது. தலைத்தோலை மரத்துப்போகச் செய்து, மண்டையைத் திறக்கிறவரை தூங்க வைத்து, அப்புறம் எழுப்பிவிடுவார்கள். பேச்சு உருவாகும் இடம் ஒவ்வொருவருக்கும் கொஞ்சம் முன்னே பின்னே இருக்கும். அதனால் சர்ஜன் இடம் இடமாகத் துளி மின்சாரம் வைத்துத் தொட்டுப் பார்ப்பார். பேசிக்கொண்டிருப்பவர் டக்கென்று நின்றாலோ, குடைப் படத்தைப் பார்த்துக் கதவு என்று சொன்னாலோ, அந்த இடத்தில் எண் போட்ட ஒரு துண்டுச் சீட்டை வைத்துவிட்டு விலகிப் போவார். சீட்டு இருக்கும் இடத்தில் கத்தி படாது. இது நடக்க ஒரே ஒரு நிபந்தனை, ஆள் பேசிக்கொண்டே இருக்க வேண்டும்.

அப்படிப்பட்ட இடத்துக்குத்தான் மூளையில் ஒரு கட்டியோடு லிஃப்ட் மெக்கானிக் ஒருவர் வந்து சேர்ந்தார்.

"உங்க வேலையைப் பத்திக் கொஞ்சம் சொல்லுங்களேன்," என்று வாயாடி ஆரம்பித்தாள்.

"லிஃப்ட் வேலை."

"லிஃப்ட்ல என்ன வேலை?"

"ரிப்பேர்."

அவ்வளவுதான். படம் காட்டினால் சரியான பதில் வரும், ஒற்றை வார்த்தையில். குடை. சாவி. ஆட்டுக்குட்டி. ஊர், வீடு, சாப்பாடு, சினிமா, பக்கத்து வீட்டுக்காரர் என்று எதை எடுத்தாலும் மூன்று வார்த்தையைத் தாண்டவில்லை. இரண்டு நாள் மல்லுக்கட்டியதில் வாயாடிக்குத்தான் தொண்டை கட்டிக்கொண்டது.

சர்ஜனுக்குக் கவலை வந்துவிட்டது. "ஒத்தை வார்த்தை எனக்குப் போதாது. கட்டி பேச்சு நரம்புகளை ஒட்டி உக்காந்திருக்கு. தொடர்ந்து பேசினாத்தான் எது வரைக்கும் எடுக்கலாம்னு தெரியும். இவர் பேச்சை நிறுத்தினா, நான் தொட்டதால நிறுத்தினாரா, இல்ல சொல்ல வேண்டியது முடிஞ்சுபோச்சா? நான் எப்படிக் கண்டுபிடிக்கறது?"

"முடியலேன்னா?"

"கட்டியில கொஞ்சத்தை விட்டுட்டு வரணும். இல்ல, துணிஞ்சு எடுத்துட்டு, இருக்கிற நாலு வார்த்தையும் போச்சுன்னா போகட்டும்னு விடணும்."

மெக்கானிக்கின் மனைவி மூக்குக்கண்ணாடிக் கடையில் வேலை பார்க்கிறவள். நாள் முழுக்க எழுத்துப் பலகையைக் காட்டி மற்றவர்களை வாசிக்கச் சொல்வதுதான் பிழைப்பு. வாயாடி அவளிடம் போய் நின்றாள். "வீட்ல எதைப் பத்தி அக்கா பேசுவார்?"

அவள் சிரித்துவிட்டாள். "கல்யாணமாகிப் பதினெட்டு வருஷம் ஆச்சு மேடம். கண்டுபிடிச்சா எனக்கும் சொல்லுங்க."

சிரித்தபடிதான் சொன்னாள். ஆனால் கைப்பையின் வாரை முறுக்கிக்கொண்டே இருந்தாள். "அந்த நாலு வார்த்தையாவது இருக்கட்டும் மேடம். அதுவும் போயிட்டா வீடு வீடா இருக்காது."

அன்று மாலை வாயாடி, மெக்கானிக், மனைவி மூவரும் கீழே போக லிஃப்டுக்காக நின்றார்கள். அது வருவதாக இல்லை. பொறுமை இல்லாத வாயாடி பொத்தானைக் குத்து குத்தென்று குத்தினாள். "அழுத்த அழுத்தத்தான் இது சீக்கிரம் வரும்."

"வராது," என்றது பின்னாலிருந்து ஒரு குரல். "ஒரு தடவை அழுத்தினா மேல கணக்கு ஏறிடும் மேடம். அப்புறம் நூறு தடவை அழுத்தினாலும் அதுக்குத் தெரியாது. பொத்தான்தான் தேயும். மாசத்துக்கு நாலு பொத்தான் நான் மாத்தறேன், எல்லாம் இந்த மாதிரி ஆளுங்களால."

வாயாடி திரும்பிப் பார்த்தாள். மனைவி அதைவிட வேகமாகத் திரும்பிப் பார்த்தாள்.

லிஃப்ட் வந்தது. உள்ளே ஏறியதும் வாயாடி, ஒன்றும் தெரியாதவள் போல, "கயிறு அறுந்தா அவ்வளவுதான், நேரா பாதாளம்," என்றாள்.

மனுஷனுக்குப் பொறுக்கவில்லை. ஒரு கயிறு இல்லையாம், ஐந்தாறு கயிறாம், ஒன்றே மொத்த எடையையும் தாங்குமாம். அத்தனையும் அறுந்தாலும் வேகம் கூடியவுடன் பெட்டிக்கு அடியிலிருக்கும் பிடி இரண்டு பக்கத் தண்டவாளத்தையும் கவ்விக்கொள்ளுமாம். தரைத்தளம் வந்து கதவு திறந்து, மறுபடி மூடப்போகும்போது அவரே கையை நீட்டித் தடுத்துக்கொண்டு மிச்சத்தைச் சொல்லி முடித்தார். வெளியே காத்திருந்தவர்கள் முறைத்தார்கள். வாயாடிக்கு அவர்களைக் கட்டிப்பிடித்துக்கொள்ளலாம் போலிருந்தது.

யோசிக்க யோசிக்க அவளுக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. கேள்விக்குப் பதில் சொல்வது என்ன பெரிய விஷயம்? ஒரு தப்பைத் திருத்த வேண்டுமென்றால் முதலில் சொன்னது புரிய வேண்டும். எங்கே தப்பு என்று பிடிக்க வேண்டும், அதை மறக்காமல் வைத்துக்கொண்டு சரியானதைத் தேட வேண்டும், வார்த்தைகளை வரிசையாகக் கோத்து நாக்குக்கும் உதட்டுக்கும் அனுப்ப வேண்டும். மூளையின் மொத்தப் பேச்சுப் பட்டறையும் ஒரே நேரத்தில் ஓடும். அன்று வீட்டுக்குப் போனவள் லிஃப்டைப் பற்றி நாற்பது பொய் எழுதிக்கொண்டு வந்தாள்.

ஆபரேஷன் அன்று காலையில் மனைவி அவளிடம் மடித்த தாள் ஒன்றைக் கொடுத்தாள். "லிஃப்ட் பொய் தீந்துபோச்சுன்னா இதைப் படிங்க. எங்களைப் பத்திக் கொஞ்சம் தப்புத் தப்பா எழுதியிருக்கேன்."

உள்ளே எல்லாம் ஜாம்ஜாமென்று நடந்தது. பிரேக்கை விட்டால் காலி லிஃப்ட் கீழே விழும் என்றாள் வாயாடி. மெக்கானிக் படுத்தபடியே பல்லைக் கடித்தார். "மேலதான் மேடம் போகும். எதிர்ப் பக்கம் ஒரு எடை தொங்குதுல்ல, அது காலிப் பெட்டியை விட..."

உதடு அசைந்தது, சத்தம் இல்லை. சர்ஜன் கையை எடுத்தார்.

"...கனம்," என்று முடித்தார் மெக்கானிக், இடையில் ஒன்றும் நடக்காதது போல. முதல் சீட்டு வைக்கப்பட்டது. இன்னோர் இடத்தில் தொட்டபோது "பெட்டி பெட்டி பெட்டி" என்று அதிலேயே நின்றார். அங்கே இரண்டாவது சீட்டு. கொஞ்சம் பின்னால் தொட்டபோது வாயாடியின் பொய்யைக் கேட்டுவிட்டுப் பேந்தப் பேந்த விழித்தார். கை எடுத்ததும், "சத்தம் கேட்டுது மேடம். என்னன்னு புரியல. மறுபடி சொல்லுங்க," என்றார். மூன்றாவது சீட்டு. அந்தப் பொய்யை மறுபடி சொன்னதும் ஐந்து நிமிஷம் திட்டினார்.

இரண்டு மணி நேரத்தில் நாற்பது பொய்யும் தீர்ந்தன. மனுஷனும் களைத்துவிட்டார். கடைசி மூன்றுக்கு வெறுமனே "தப்பு" என்றுதான் வந்தது.

"இன்னும் பத்து நிமிஷம் வேணும். கடைசி ஓரம், இதுதான் ஆபத்தான இடம். பேச்சு நிக்கக் கூடாது," என்றார் சர்ஜன்.

வாயாடி தாளைப் பிரித்தாள். "நீங்க ரெண்டு பேரும் முதல்ல பாத்துக்கிட்டது பஸ் ஸ்டாப்புல. அன்னைக்கு நல்ல மழை."

மெக்கானிக்கின் கண் திறந்தது. "யார் சொன்னது? கண்ணாடிக் கடையில. மழையெல்லாம் இல்ல, வெயில் கொளுத்திச்சு. பலகையில மூணாவது வரியை நான் தப்பாப் படிச்சேன். கண்ணு நல்லாத்தான் தெரிஞ்சுது. தப்பாப் படிச்சா அடுத்த வாரம் திரும்ப வரச் சொல்லுவாங்கன்னு படிச்சேன்."

மயக்க மருந்து டாக்டர் திரும்பிக்கொண்டு சிரித்தார். ஒவ்வொரு வரிக்கும் ஒரு கதை வந்தது. வாயாடி கடைசி வரிக்கு வந்து தயங்கினாள். மற்றவை கோணல் மாணலாக எழுதியிருக்க, இது மட்டும் நிறுத்தி நிதானமாக எழுதியிருந்தது. சர்ஜன் கண்ணாலேயே அவசரப்படுத்தினார்.

"இவருக்கு என் மேல பெரிசா ஒண்ணும் கிடையாது. பழகிப்போச்சு, அதான் கூட இருக்கார்."

பதில் இல்லை. ஒரு நொடி, இரண்டு நொடி, ஐந்து நொடி. வாயாடி சர்ஜனின் கையைப் பார்த்தாள். போச்சா? இத்தனை பாடுபட்டு, கடைசியில் போச்சா?

"நான் எதையும் தொடலை," என்றார் சர்ஜன் மெதுவாக. "கையை எடுத்து அரை நிமிஷமாச்சு."

மெக்கானிக்கின் கண்ணோரத்தில் ஈரம் இறங்கியது. "அது தப்பு மேடம்," என்றார். "அவ கடை இருக்கிற தெரு என் வழியே இல்ல. எனக்கு நேர் ரோடு இருக்கு. பதினெட்டு வருஷமா வேலை முடிஞ்சு அந்தத் தெருவைச் சுத்திக்கிட்டுத்தான் வீட்டுக்குப் போறேன். அவ சிரிச்சா வெளிய நடைபாதை வரைக்கும் கேக்கும். கேட்டுட்டுப் போயிடுவேன். கேக்காத அன்னைக்கு எதிர்ல நின்னு, கேக்கற வரைக்கும் பாப்பேன்..."

விடாமல் பேசினார். கட்டி முழுசாக வெளியே வந்ததும் சர்ஜனே சொல்லித்தான் அவரை நிறுத்த வேண்டியிருந்தது.

வெளியே பெஞ்சிலிருந்து மனைவி எழுந்தாள். "பேசறாரா மேடம்?"

"பேசறார். பேச்சு பத்திரம்."

அவள் முகத்தை மூடிக்கொண்டு கொஞ்ச நேரம் அழுதாள். பிறகு கண்ணைத் துடைத்துக்கொண்டு, "கடைசி வரியையும் படிச்சீங்களா?" என்றாள்.

"படிச்சேன்."

"மத்ததெல்லாம் பொய்னு தெரிஞ்சு எழுதினேன் மேடம். அது மட்டும் அப்படி எழுதல."

வாயாடியின் வாயில் எல்லாம் தயாராக வந்து நின்றது. தெரு, நடைபாதை, சிரிப்பு. சொல்லவில்லை. அது அவள் சொல்ல வேண்டிய செய்தி இல்லை. "உள்ள போனதும் நீங்களே அந்த வரியை ஒரு தடவை அவர்கிட்ட சொல்லிப் பாருங்க அக்கா," என்றாள்.

சாயங்காலம் மனைவியை வார்டுக்குள் விட்டார்கள். மெக்கானிக்குக்குத் தலையில் பெரிய கட்டு, உதடு காய்ந்திருந்தது. மனைவி நாற்காலியைக் கட்டிலோடு ஒட்டிப் போட்டுக்கொண்டு அந்த வரியைச் சொன்னாள்.

"தப்பு," என்றார் அவர்.

"எப்படித் தப்பு? சொல்லுங்க."

அவர் எச்சிலை விழுங்கிக்கொண்டு அவள் கையைப் பிடித்தார். "உன் கடைத் தெரு என் வழியே இல்ல," என்று ஆரம்பித்தார்.