ரப்பர்காரனிடம் பெயர் சொல்லக் கூடாது

1.

எதையும் வரிசையாக எழுதியே பழகிவிட்டது. அதனால் இந்தக் கதை எங்கிருந்து வந்தது என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன்.

எண்பத்தேழாம் ஆண்டு, ஒரு ஞாயிற்றுக்கிழமை முற்பகல். பாப்பிரெட்டிப்பட்டி பேருந்து நிலையத்தில், கிளம்பத் தயாராக உறுமிக்கொண்டிருந்த தருமபுரி வண்டியில் சன்னலோரம் உட்கார்ந்திருந்தேன். பக்கத்தில் வந்து நின்ற இன்னொரு வண்டியிலிருந்து தகரப் பெட்டியோடு ஒரு பெண் இறங்கினாள். இறங்கியதும், "காசீ!" என்று கூப்பிட்டாள். சற்றுத் தள்ளி, அவளுக்கும் எனக்கும் முதுகைக் காட்டிக்கொண்டு ஒரு சிறுமி நின்றிருந்தாள். ஏழெட்டு வயதிருக்கும். அவள் திரும்பவில்லை. சிறுமியின் பக்கத்தில் தலையில் துப்பட்டா போட்ட ஒரு இளம்பெண் குனிந்து, இறங்கியவளையே பார்த்தபடி, சிறுமியின் காதில் என்னவோ சொல்லிக்கொண்டிருந்தாள். என் வண்டி கிளம்பிவிட்டது.

நான் கண்ணால் கண்டது இவ்வளவுதான். மீதி எல்லாம் நானாகக் கட்டியது. காசி என்ற பெயரைத் தவிர மற்ற பெயர்களும் நான் வைத்தவைதான்.

2.

தொடக்கம் மூன்று எழுதினேன்.

(அ) "அப்துல் சுபான் பாய் வீட்டு வாசலில் ஞாயிறு காலையானால் செருப்புகள்" [நிறுத்திவிட்டேன். அந்தப் பிள்ளைகளில் முக்கால்வாசிப் பேருக்குச் செருப்பு கிடையாது.]

(ஆ) "முகம் இல்லாத ஒருவன் கதவைத் தட்டினான்." [பயமாகத்தான் இருக்கிறது. ஆனால் முதல் வரியிலேயே பயமுறுத்துகிறவனை நானே நம்ப மாட்டேன்.]

(இ) ஷகிலா எப்போதும் திரைக்கு முதுகைக் காட்டித்தான் உட்காருவாள்.

மூன்றாவதையே வைத்துக்கொள்கிறேன். ஷகிலா, சுபான் பாயின் மகள். கடைவீதியில் கோரைப் பாயும் பிளாஸ்டிக் வாளியும் விற்கிற சுபான் பாய், அந்த வருடம் ஒரு கறுப்பு வெள்ளை டிவி வாங்கியிருந்தார். ஞாயிறு காலையில் அதில் ஒரு பொம்மைப் படம் வரும். வாராவாரம் தொடரும் மாயக்கதை. வரைந்த மனிதர்கள், வரைந்த காடு, வரைந்த மழை. எல்லாம் இந்தியில். தெருவில் யாருக்கும் ஒரு வார்த்தை புரியாது. ஷகிலாவுக்குப் புரியும், வீட்டில் பேசுவது உருது என்பதால். ஆகவே பெட்டியின் பக்கத்தில் பிள்ளைகளைப் பார்த்தபடி உட்கார்ந்து, காதால் இந்தியைக் கேட்டு வாயால் தமிழைச் சொல்வாள். அவ்வப்போது மட்டும் திரும்பித் திரையைப் பார்த்துக்கொள்வாள்.

"இந்தி எழுத்து மேல தார் பூசுனவரு பையன் மொத வரிசையில குந்திக்கினு இருக்கறான் பாரு," என்று அவள் அண்ணன் அன்வர் பாஷா கதவோரம் நின்று சிரிப்பான்.

"நீ கம்முனு ஆன்டெனாவப் புடி," என்பாள் ஷகிலா.

படத்தில் ஒருவன் வருவான். நெட்டையாக, சத்தமில்லாமல் நடப்பான். யாருடைய முகத்திலாவது உள்ளங்கையை வைத்து ஒரு இழு இழுத்தால் கண், மூக்கு, வாய் எல்லாம் போய், முகம் உரித்த முட்டை மாதிரி ஆகிவிடும். பிள்ளைகள் அவனுக்கு வைத்த பெயர் ரப்பர்காரன்.

மூன்றாம் வாரம் ரப்பர்காரன் படத்துச் சிறுமியின் அம்மாவிடம் வந்தான். அம்மா கிணற்றடியில் அழுதுகொண்டிருந்தாள். ஒரு இழு. சிறுமி ஓடிவந்து அம்மாவின் இடுப்பைக் கட்டிக்கொண்டாள். முகமில்லாத அம்மா அவள் கைகளை விலக்கிவிட்டு, யாரோ ஒரு பிள்ளை என்பது போல நடந்து போனாள்.

இசைகூட இல்லை. காலடிச் சத்தம் மட்டும்.

அறையில் ஒரு குழந்தை விசும்பியது. அது தொற்றிக்கொண்டு வரிசை வரிசையாக அழுகை. அந்த நேரம் ரப்பர்காரன் திரையிலிருந்து நேராகப் பார்த்து என்னவோ சொன்னான்.

"அக்கா, என்னா சொல்றான்?"

அவன் சொன்னது இது: அழுங்கள், ஈரமான முகம்தான் எனக்குச் சுலபமாக அழியும். எச்சில் தொட்டுச் சிலேட்டு அழிக்கிற பிள்ளைகளுக்கு இதைவிடத் தெளிவாக ஒன்றைச் சொல்ல முடியாது. ஷகிலா எதிரே பார்த்தாள். ஒரு முகம் விடாமல் எல்லாம் ஈரம்.

"பேரக் கேக்கறான்," என்றாள். "யாரு பேரு அவன் காதுல வுழுதோ அவங்க மொகந்தான் போவும். பேரச் சொல்லலன்னா ஒண்ணும் பண்ண மாட்டான். அழுவற பிள்ளைங்க பக்கம் வரவே மாட்டான்."

சட்டென்று அத்தனை பேரும் வாயைப் பொத்திக்கொண்டார்கள். அழுகை நின்றது. சிலர் கைக்குள்ளேயே சிரித்தார்கள்.

அன்வர் பாஷா உருதுவில் சொன்னான்: "படம் வரைஞ்சவன் கேட்டான்னா உன் மேல கேஸ் போடுவான்."

3.

ஷகிலாவை நல்லவள் என்று எழுதிவிட்டுப் போய்விடலாம். எனக்கு அதில் சந்தேகம் இருக்கிறது.

அவள் சொன்னது பிள்ளைகளுக்காகத்தான். ஆனால் அடுத்த வாரம் கூட்டம் இரண்டு மடங்கானது. சந்தில் அவள் நடந்து போனால், "ரப்பர்காரன் இப்ப எங்க இருக்கறான்க்கா?" என்று பின்னாலேயே வந்தார்கள். பள்ளிக்கூடத்தை நிறுத்தி வீட்டில் வைத்திருந்த பெண்ணுக்கு அது பிடிக்காமல் இருக்குமா? அவன் அழுகையைப் பற்றிப் பேசியபோதெல்லாம் அவள் பெயரைப் பற்றிச் சொன்னாள். ஒவ்வொரு வாரமும் பொய்க்குப் புதிதாக ஒரு கால் முளைத்தது. பெயரை எழுதினாலும் ஆபத்து என்று ஒரு வாரம் சொன்னாள். கூப்பிட்டால் திரும்பினாலும் ஆபத்து என்று அடுத்த வாரம்.

(இதை எழுதும்போது எனக்குக் கொஞ்சம் கூசுகிறது. நானும் அதைத்தானே செய்கிறேன்? முதுகை மட்டும் பார்த்த ஒரு குழந்தைக்கு)

அந்த வாக்கியத்தை முடிக்கப் போவதில்லை.

4.

பயந்த பிள்ளைகள் எல்லாரும் இரண்டு நாளில் கோலிக்குண்டுக்குத் திரும்பிவிட்டார்கள். காசியம்மாள் மட்டும் திரும்பவில்லை.

அவள் மாதேஸ்வரனின் மகள். மாதேஸ்வரன் ஊருக்கு வெளியே மானாவாரியில் ராகி போடுகிறவர். மழை ஏமாற்றிய வருடம். மனைவி ராணியம்மாள் பெங்களூருக்குக் கட்டட வேலைக்குப் போய்ப் பல மாதம் ஆகிவிட்டது.

பள்ளிக்கூடத்தில் சவுரியப்பன் வாத்தியார் வருகைப் பதிவுக்குக் காசியம்மாளைக் கூப்பிட்டால் பதில் இல்லை. எதிரிலேயே உட்கார்ந்திருக்கும் பிள்ளைக்கு வரவில்லை என்று போட்டார். பிறகு அப்பனைக் கூப்பிட்டு அனுப்பினார்.

மாதேஸ்வரன் சைக்கிளை நிறுத்திவிட்டு நேராகச் சுபான் பாய் கடைக்கு வந்தார்.

"பாய், உங்க வூட்டு டிவி என் பொண்ணுக்கு என்னமோ பண்ணிப்புடுச்சு. பேரச் சொல்லிக் கூப்புட்டா காத அடைச்சிக்கிறா. என்னைய 'அப்பா'ன்னு கூட சொல்றதில்ல. காத்து கருப்பா இருக்கும்னு எங்க அண்ணி சொல்றாங்க. வர்ற ஞாயித்துக்கெழம அவ அம்மா ஊருக்கு வரா. இந்தப் பிள்ளைய எப்புடிங்க காட்டுவன்?"

"பொம்மைப் படந்தான மாதேசு," என்றார் சுபான் பாய். "என் பொண்ணு கிட்ட கேளு. அவளுக்கு எல்லாம் தெரியும்."

வாளிகளுக்குப் பின்னால் நின்ற ஷகிலா எட்டிப் பார்த்தாள். சைக்கிள் கேரியரில் சிறுமி உட்கார்ந்திருந்தாள்.

"உம் பேரு என்னா பாப்பா?" என்றார் சுபான் பாய், சும்மா பேச்சுக் கொடுக்க.

சிறுமி உதட்டைக் கடித்துக்கொண்டாள்.

"காசிதான, சொல்லேன் கண்ணு," என்றாள் ஷகிலா.

சிறுமி வீறிட்டாள். கேரியரிலிருந்து குதித்து இரண்டு கையாலும் முகத்தைத் தடவித் தடவிப் பார்த்தாள். மூக்கைப் பிடித்துப் பார்த்தாள். "ஏங்கா சொன்ன? நீதான சொல்லக் கூடாதுன்ன! நீயே ஏங்கா சொன்ன?"

[இங்கே பேனாவை வைத்துவிட்டு முதலிலிருந்து படித்துப் பார்த்தேன். அவள் பெயரைத் தாராளமாகக் கொட்டிவைத்திருக்கிறேன். ஆனால் அவள் முகத்தைப் பற்றி ஒரு வரி இல்லை, கவனித்தீர்களா? கண் எப்படி, பல் விழுந்திருந்ததா, ஒன்றும் எழுதவில்லை. எழுதவும் முடியாது. நான் பார்த்தது முதுகை. இனி இந்தக் கதையில் அவள் பெயரை எழுத மாட்டேன்.]

5.

ஷகிலா மறுநாள் அவளைத் தேடிப் போனாள். தனியாக அனுப்ப மாட்டார்கள் என்பதால் அன்வர் பாஷா துணைக்கு வந்து வரப்பில் நின்றுகொண்டான். சிறுமி ராகி வயலோரம் சிலேட்டில் வட்டம் வட்டமாகப் போட்டுக்கொண்டிருந்தாள். வட்டங்களுக்குள் ஒன்றும் இல்லை.

"பாப்பா, நான் சொன்னது பொய்யி. பேரச் சொன்னா ஒண்ணும் ஆவாது. அவன் அப்புடிச் சொல்லவே இல்ல."

"அப்ப என்னா சொன்னான்?"

ஷகிலா இதற்குத் தயாராக வந்திருக்க வேண்டும். வரவில்லை. இன்னொரு பொய் நாக்கு நுனிவரை வந்தது. விழுங்கினாள்.

"அழுதா... அழுவறவங்க மொகம் ஈரமா இருக்குமில்ல, அது அழியும்னான்."

சிறுமி சிலேட்டைக் கீழே வைத்தாள். "நான் தெனமும் அழுவறனே அக்கா."

"அய்யோ, அது வெறும் படம் கண்ணு. யாரோ வரைஞ்சது."

"வரைஞ்சவங்களுக்கு எப்புடி அது தெரிஞ்சுது?"

ஷகிலா அவள் பக்கத்தில் குனிந்தாள். 

"எது தெரிஞ்சுது?"

"எங்கம்மா மொகம் போனது." சிறுமி குரலைத் தாழ்த்தினாள். "கண்ண மூடிப் பாத்தா சேலை தெரியுது, கை தெரியுது, மொகம் தெரியல. மொழுக்குனு இருக்குது. நாந்தான் சொல்லிப்புட்டன். அன்னிக்கி அந்தப் படத்தம்மா மொதல்ல சிரிச்சப்ப, எங்கம்மா ராணியம்மா மாதிரியே சிரிக்குதுன்னு சத்தமாச் சொன்னன். அவன் காதுல வுழுந்திருச்சு. நீ பேரு சொல்லாதீங்கன்னு பின்னாடிதான சொன்ன."*

ஷகிலா வயலில் அப்படியே உட்கார்ந்துவிட்டாள். இந்தப் பிள்ளை காப்பாற்றப் பார்த்தது தன் முகத்தை மட்டும் என்று நினைத்திருந்தாள். எல்லாப் பெயரையும் விழுங்கிக்கொண்டு இவள் ஊரையே காப்பாற்றிக்கொண்டிருந்திருக்கிறாள். அம்மாவை மட்டும் முடியவில்லை.

"ஞாயித்துக்கெழம அம்மா வரும்," என்றாள் சிறுமி. "நான் திரும்பிப் பாக்க மாட்டன்."

*இரண்டாம் பகுதியில் அந்த வரியை அவள் வாயில் வைத்திருக்க வேண்டும். நான் அவளைக் கவனிக்கவில்லை, ஷகிலாவும் கவனிக்கவில்லை. திரும்பிப் போய்ச் செருகலாம்தான். அப்போது கவனிக்காதது அப்படியே தெரியட்டும் என்று விட்டுவிட்டேன்.

6.

முடிவுகள் சில எழுதிப் பார்த்தேன்.

முதல் முடிவு: தொடரின் கடைசி வாரத்தில் எல்லாருக்கும் முகம் திரும்ப வருகிறது, பிள்ளைகள் கைதட்டுகிறார்கள், சிறுமியும் [இல்லை. கடைசி வாரம் ஒளிபரப்பான நேரத்தில்தான் அவர்கள் பேருந்து நிலையத்தில் நின்றிருந்தார்கள். ஷகிலா அன்று டிவியைப் போடவில்லை. பிள்ளைகள் வாசலில் நின்று திட்டிவிட்டுப் போனார்கள்.]

இரண்டாம் முடிவு: ராணியம்மாள் மகளைத் தூக்கித் திருப்பி, முகத்தோடு முகம் வைத்து [பலவந்தமாகத் திருப்பினால் அது முடிவாகாது. அந்தப் பிள்ளை கண்ணை இறுக மூடிக்கொள்ளும்.]

மூன்றாவது, முடிவு அல்ல. நான் பார்த்ததும், அதில் நான் சேர்த்ததும்.

மாதேஸ்வரன் தகரப் பெட்டியை வாங்கப் போனார். ராணியம்மாள் கூப்பிட்டாள். சிறுமி திரும்பவில்லை. ராணியம்மாள் மறுபடி கூப்பிட்டாள். இந்த முறை குரல் கொஞ்சம் உடைந்தது. பெற்ற பிள்ளைக்குத் தன்னை அடையாளம் தெரியவில்லை என்றுதான் அவள் நினைத்திருப்பாள்.

அப்போது ஷகிலா தனக்குத் தெரிந்த ஒரே வேலையைச் செய்தாள். திரையைப் பார்க்க முடியாத ஒருத்தியின் பக்கத்தில் குனிந்து, பார்த்துச் சொன்னாள்.

"எறங்கிட்டாங்க. பச்ச சேலை."

"மொகம்?"

"இருக்குது."

"பொய் சொல்லாதக்கா."

"இல்ல பாப்பா. மூக்கு இருக்குது, எடது பக்கம் மூக்குத்தி. பொட்டு வேர்வையில கரைஞ்சு எறங்குது. கருத்துப் போயிட்டாங்க. கன்னம் ஒட்டிப் போயிருக்குது. புருவத்துல சிமெண்டு ஒட்டுனாப்ல வெள்ளையா என்னமோ..."

நல்லதை மட்டும் சொல்லியிருக்கலாம். இந்த முறை ஒன்றையும் அவள் மாற்றவில்லை.

"அழுவுதா?" என்றாள் சிறுமி.

ஷகிலா பார்த்தாள். ராணியம்மாளின் முகம் முழுக்க ஈரம். அழுகிற முகம்தான் அழியும் என்று தானே சொல்லிக்கொடுத்த பிள்ளை. ஆம் என்றால் பயம். இல்லை என்றால் மறுபடி பொய்.

சன்னல் வழியாக நான் பார்த்துக்கொண்டிருந்தபோது அந்த இளம்பெண்ணின் வாய் திறந்தது. என்ன சொன்னாள் என்று கேட்கவில்லை. ஓட்டுநர் ஹாரன் அடித்தார். வண்டி பின்னால் நகர்ந்து, வளைந்து, எனக்குத் தெரிந்த கடைசிக் காட்சியும் அதே சின்ன முதுகு.

எனக்கு இதற்கு மேல் இடம் இல்லை. உங்களுக்கு உண்டு. நான் அவளுக்குப் பின்னால் இருந்தேன். நீங்கள் எந்தப் பக்கம் வேண்டுமானாலும் போய் நிற்கலாம். எதிரில் போய் நின்றால் அவள் முகம் தெரியும், அவள் தோளுக்கு மேலே அவள் அம்மாவின் முகமும் தெரியும். ஷகிலாவின் வாயில் எந்தச் சொல்லை வைக்கிறீர்கள் என்பது உங்கள் பொறுப்பு.

ஒன்று மட்டும் கேட்டுக்கொள்கிறேன். அவசரப்பட்டுப் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டுவிடாதீர்கள். அவளாகத் திரும்பட்டும்.