இரண்டாம் பதிப்பில் இல்லாத வரி

கப்பல் தொட்டியின் வட்ட மூடி திறந்துகிடக்கிறது, துரு வாடை மேலே வருகிறது, கணவர் சில்வெஸ்டரின் தலை இருட்டுக்குள் இறங்குகிறது, ஜெசிந்தா அந்தக் கப்பலைப் பார்த்ததேயில்லை, ஆனாலும் இருபத்தாறு வருடமாகக் கண்ணை மூடினால் இதுதான், உள்ளே மூச்சுக்குக் காற்றில்லை என்று அவளுக்குத் தெரியும், அவருக்குத் தெரியாது, கத்துவாள், குரல் வராது. மாலுமிகளின் பயிற்சிக் கையேட்டைத் தலைகீழாக ஒப்பிப்பவர் அவர், பதவி உயர்வுத் தேர்வுக்காகக் காலையில் முகம் மழித்துக்கொண்டே சொல்லுவார், அவள் புத்தகத்தைப் பிடித்துக்கொண்டு சரிபார்ப்பாள், மூடியைத் திற, விளக்கைக் கட்டு, கயிற்றை இடுப்பில் மாட்டு, இறங்கு, சரியா புள்ள, ஒரு வார்த்த பெசகல, போங்க.

அப்படியேதான் இறங்கியிருக்கிறார், பிணமாகத்தான் தூக்கினார்கள். விசாரணையில் கமாண்டர் ரகோத்தமன், அந்தக் கையேட்டின் இரண்டாம் பதிப்பைத் தயாரித்தவர், ஒரு புத்தகத்தை விரித்துக் காட்டினார், இறங்குமுன் உள்ளே காற்றைச் சோதிக்கவும் என்று அதில் இருந்தது, விதியை மீறிச் செத்தார் என்று எழுதி முடித்தார்கள், சார், இது மொத பதிப்பு, அவரு படிச்ச ரெண்டாம் பதிப்புல இந்த வரி கெடையாது என்று அவள் எழுந்து சொன்னாள், அவர் அவள் பக்கம் திரும்பவேயில்லை, ஒக்காருங்கம்மா, ஒங்களுக்கு இதெல்லாம் புரியாது. மறுநாள் வீட்டுப் புத்தகத்தை எடுத்துக்கொண்டு ஓடினாள், கோப்பை மூடியாச்சு என்றார்கள்.

கருணை அடிப்படையில் பயிற்சிப் பள்ளியிலேயே தட்டச்சு வேலை கொடுத்தார்கள், வாங்கிக்கொண்டாள், மகள் இருந்தாள். மூன்றாம் பதிப்பில் அந்த வரி சத்தமில்லாமல் திரும்பி வந்தது, அவளே தட்டச்சு செய்தாள். ஏழாம் வருடம் கிட்டங்கியில் பழைய கட்டு ஒன்றைப் பிரிக்கும்போது இரண்டாம் பதிப்பு அச்சேறுமுன் திருத்திய மெய்ப்பு கிடைத்தது, அந்த வரியின் மேல் சிவப்புக் கோடு, ஓரத்தில், எல்லோருக்கும் தெரிந்ததுதானே, நீக்கலாம், கீழே ரகோத்தமனின் கையெழுத்து. அப்போதே நீட்டியிருந்தால் வேலை போயிருக்கும், தாளும் போயிருக்கும், காத்திருந்தாள், மகள் கல்யாணம் முடிகிற வரை, அவர் ஓய்வு பெறுகிற வரை, கோபத்தை ஒருநாள்கூட ஆறவிடவில்லை.

இப்போது கையேட்டுக்கு ஐம்பது வருடம், புதுப் பதிப்பின் முதல் பக்கத்தில் அதன் வரலாறு வேண்டுமாம், நீங்கதாம்மா எழுதணும் என்றார் புதிய கேப்டன், எழுதிக் கொடுத்தாள், கூடவே அந்தத் தாளையும் வைத்தாள். கேப்டன் அந்தக் கையெழுத்தை மற்றக் கோப்புகளோடு ஒப்பிட்டுப் பார்த்தார், பிறகு சொன்னார், அப்படியே அச்சாகட்டும்மா.

வெளியீட்டு விழாவுக்குத் தலைமை ரகோத்தமன். மேடைக்குக் கீழே அவளிடம் வந்து சிரிக்கிறார், அடையாளம் தெரியவில்லை, வரலாறு நீங்க எழுதினதாமே, எதையும் விட்டுடலயே. இல்ல சார், ஒண்ணுகூட விடல. மேடையேறி முதல் பக்கத்தை அவர் வாசிக்கிறார், முந்நூறு மாலுமிகள் கேட்கிறார்கள், இரண்டாம் பதிப்பில் ஒரு வரி நீக்கப்பட்டது, நீக்கியவர் என்று வந்ததும் குரல் நிற்கிறது, கண்ணாடியைக் கழற்றுகிறார், துடைக்கிறார், மாட்டுகிறார், பக்கம் மாறவில்லை. படிங்க சார், என்கிறார் கேப்டன். உதடு அசைகிறது, நீக்கியவர் ரகோத்தமன், அந்த வரி இல்லாததால் இறந்தவர் மாலுமி சில்வெஸ்டர், அவர் எந்த விதியையும் மீறவில்லை, முணுமுணுப்பாகத்தான் வருகிறது. ஜெசிந்தா கடைசி வரிசையில் எழுந்து நிற்கிறாள், இந்தத் தடவை குரல் வருகிறது, நான் சில்வெஸ்டர் பொஞ்சாதி, பின்னால கேக்கல சார், இன்னொருக்க படிங்க.