ஜெயபாய் டீச்சரின் பதினொரு பேர்

1981ஆம் ஆண்டு ஆவணி மாதம் சங்கரன்கோவில் சித்திரக்கூடத்தில் மாட்டுவதற்காக வந்து இறங்கிய பதினொரு ஓவியங்களும் சேர்ந்து ஐந்நூற்று அறுபத்தொன்பது கிலோ இருந்தன. சட்டத்தையும் துணியையும் கழித்துவிட்டுச் சொன்ன எடை இது. நிறுத்தவர் பருத்தி மண்டியில் இருபது வருடமாகத் தராசு பிடித்த பரமசிவன். ஒவ்வொரு படமும் அதில் வரையப்பட்டிருந்த ஆள் என்ன எடையோ அந்த எடைதான் இருந்தது. அரைக் கிலோ கூடவுமில்லை, குறையவுமில்லை.

வரைந்தவர் ஜெயபாய், பெண்கள் பள்ளியில் ஓவிய ஆசிரியை. நாற்பத்தாறு வயது, கல்யாணம் செய்துகொள்ளவில்லை. மலை, குளம், பூச்சாடி என்று எதையும் அவர் தொட்டதில்லை. மனிதர்களைத்தான் வரைவார், அதுவும் ஆளுயரத்துக்கு. 1972இல் சென்னையில் நடந்த ஒரு கண்காட்சிக்கு மூன்று படங்கள் அனுப்பினார். மூன்றும் ஒரு கடிதத்தோடு திரும்பி வந்தன. முகங்கள் நன்றாக இருக்கின்றன, ஆனால் இவர்கள் யாரும் தரையில் நிற்கவில்லை, தக்கை போல மிதக்கிறார்கள் என்று எழுதியிருந்தது. எழுதியவர் சொன்னது சரிதான் என்று மனதில் பட்டதைத்தான் ஜெயபாயால் தாங்க முடியவில்லை. அன்றிலிருந்து ஆட்களைப் பாதத்தில் தொடங்கி மேல்நோக்கி வரைவது என்று முடிவு செய்தார். முதல் வருடம் முழுக்க வெறும் பாதங்கள். பஸ் ஸ்டாண்டிலும் சர்ச் வாசலிலும் அவர் குனிந்தபடியே நடப்பதைப் பார்த்து, கம்மலைத் தொலைத்துவிட்டார் போலிருக்கிறது என்று இரண்டு மூன்று பேர் கூடவே குனிந்து தேடியதும் உண்டு.

நான்காம் வருடம், பனவடலிசத்திரத்திலிருந்து தினமும் பூக்கூடையோடு வரும் பிச்சம்மாளின் படத்தை முடித்த அன்று, படத்தைத் தாங்கியிருந்த மரச்சட்டம் இரண்டாக முறிந்தது. ஜெயபாயால் படத்தை அசைக்கக்கூட முடியவில்லை. பக்கத்து வீட்டு ஆட்கள் மண்டிக்குத் தூக்கிப் போனார்கள். நாற்பத்தெட்டரை கிலோ. அதே தராசில் பிச்சம்மாளும் ஏறி உட்கார்ந்தாள். நாற்பத்தெட்டரை. அவள் இறங்கிச் சேலையைத் தட்டிவிட்டு, "சரியாத்தான் வரைஞ்சிருக்கிய டீச்சரம்மா" என்று சொல்லிவிட்டு மீதிப் பூவை விற்கப் போனாள். அதற்குப் பிறகு ஊரில் யாரும் இதைப் பெரிதாகப் பேசவில்லை. 1979 மழைக்காலத்தில், மண்டியிலேயே விட்டுவைத்திருந்த அந்தப் படம் தராசில் இருந்தாற்போலிருந்து நாற்பத்துமூன்றாகக் குறைந்தபோது, ஜெயபாய் பள்ளிக்கு லீவு சொல்லிவிட்டு முதல் பஸ்ஸில் போய், காய்ச்சலில் நினைவில்லாமல் கிடந்த பிச்சம்மாளை ஆஸ்பத்திரியில் சேர்த்தார். இன்னும் ஒரு நாள் விட்டிருந்தால் கஷ்டம் என்றார் டாக்டர். தறிக்கார ஆறுமுகச்சாமி, பூக்கடை மைதீன் பாட்சா, பஸ் டிரைவர் வேல்சாமி, சத்துணவு தொடங்காத காலத்திலேயே பள்ளியில் சோறு பொங்கிய சுந்தரம்மாள் என்று ஒவ்வொருவராக வந்து நின்றார்கள். பத்துப் படம் முடிந்தது. பதினொன்றாவதாகக் கண்ணாடியைப் பார்த்துத் தன்னையே வரைந்தார். அதற்குள் எந்தப் படத்தையும் தூக்க முயல்வதையே விட்டிருந்ததால், அதையும் நான்கு பேர்தான் வண்டியில் ஏற்றினார்கள்.

சித்திரக்கூடத்தின் நிலைமையும் நன்றாக இல்லை. பழைய ஜின்னிங் மில் ஆபீஸை வெள்ளையடித்துத் தொடங்கி ஐந்து வருடமாகிறது. வெளியூர் ஓவியர்களின் படங்களைத்தான் வைத்தார்கள், பார்க்க ஆள் வரவில்லை. இந்தக் கண்காட்சியும் தோற்றால் இடத்தை உரக் கிட்டங்கியாக்கிவிடுவது என்று கமிட்டி தீர்மானம் எழுதிவிட்டது. செயலாளர் ஆவுடையப்பன் தாலுகா ஆபீஸ் கிளார்க். ஜெயபாயின் ஐந்து விண்ணப்பங்களைத் தள்ளிவிட்டு ஆறாவதற்குக் கையெழுத்துப் போட்டவர் அவர்தான்.

திறப்பு விழா அன்று காலை பத்து மணிக்கு முதல் படம் ஆணியோடு சுவரையும் பெயர்த்துக்கொண்டு விழுந்தது. இரும்புக் கொக்கி போட்டார்கள். சுவர் இன்னும் பெரிதாகப் பெயர்ந்தது. பதினொரு பேரும் தரையில் மல்லாந்து கிடந்தார்கள்.

"டீச்சர், சொவரு தாங்காது. நாலு மணிக்குத் தொறந்து வைக்க ஆபீசர் வாராரு. என் மச்சினன் வரைஞ்ச குத்தாலம் படம் ரெண்டு இருக்கு, அத மாட்டிருவோம். ஒங்களுக்கு அடுத்த வருசம் பாப்போம்" என்றார் ஆவுடையப்பன்.

அடுத்த வருடம் இங்கே யூரியா மூட்டைதான் இருக்கும் என்பது இருவருக்கும் தெரியும். ஒன்பது வருடத்தை ஒரு சுவர் வேண்டாம் என்கிறதே என்று ஜெயபாய் கீழே கிடந்த பதினொன்றையும் பார்த்தார்.

விழாவுக்கு மாலை கொண்டுவந்த பிச்சம்மாள் அப்போதுதான் உள்ளே நுழைந்தாள். தன் படத்தின் மேல் சுண்ணாம்புக் காரை கிடப்பதைப் பார்த்து, அதை உதறுவதற்காக ஒற்றைக் கையால் படத்தை எடுத்து நிமிர்த்தினாள்.

"கனக்கலையாட்டி?" என்றார் ஆவுடையப்பன்.

"என்ன அண்ணாச்சி இது, நானும் என்னைய நாளெல்லாம் தூக்கிட்டுத்தான அலையுதேன். என்னைக்குக் கனத்துச்சு?"

ஜெயபாய்க்கு அது போதுமாயிருந்தது. உடனே வெளியே வந்து, நின்றிருந்த குதிரை வண்டியில் ஏறினார். தறி, பூக்கடை, பஸ் டிப்போ என்று ஒரு இடம் விடவில்லை. மூன்றரை மணிக்குள் பத்துப் பேரும் வந்து, அவரவர் படத்தை அவரவர் எடுத்து நெஞ்சுக்கு நேராகப் பிடித்துக்கொண்டு வரிசையாக நின்றார்கள். பதினொன்றாவது மட்டும் தரையில் கிடந்தது. தன்னை யார் முன்பும் நிறுத்தி ஜெயபாய்க்குப் பழக்கமில்லை. "டீச்சரம்மா, நீங்களும் வாங்க" என்று பிச்சம்மாள் நகர்ந்து இடம் விட்டாள். ஜெயபாய் குனிந்து எடுத்தார். நோட்டுப் புத்தகம் மாதிரி வந்தது. அதைத் தூக்கிக்கொண்டு நிமிர்ந்தபோது, வாசல் தாண்டி ரோடு வரைக்கும் கூட்டம் நிற்பது தெரிந்தது.

ஆபீசர் பேச்சை எழுதிக்கொண்டு வந்திருந்தார், படிக்க மறந்துவிட்டார். சிவகிரியிலிருந்தும் ராயகிரியிலிருந்தும் ஆட்கள் வந்தார்கள். நடவை முடித்த கையோடு சேற்றுக் காலுடன் வந்த பெண்கள், படத்தையும் ஆளையும் மாறி மாறிப் பார்த்து, படத்திடமும் நலம் விசாரித்துவிட்டுப் போனார்கள். ஒரு நாள் கண்காட்சி ஒன்பது நாள் நடந்தது. யாருக்கும் கை வலிக்கவில்லை. கிட்டங்கித் தீர்மானத்தை ஆவுடையப்பன் தன் கையாலேயே அடித்தார். அடிக்கும்போது, "ஆறு தடவ எழுத வச்சிட்டேன், மன்னிச்சுக்கிடுங்க டீச்சர்" என்றார். பெயர்ந்த சுவரைக் கடைசிவரை பூசவில்லை.

அந்த ஐப்பசியில் மதுரையிலிருந்து அழைப்பு வந்தது. காலை ஆறேகால் பஸ்ஸில் ஏறினார்கள். ஓட்டியது வேல்சாமி, அவருடைய படம் பின்சீட்டில் ஜன்னலோரம். பெண்களின் படங்களை லேடீஸ் சீட்டில்தான் வைக்க வேண்டும் என்று கண்டக்டர் கண்டிப்பாகச் சொல்லி, மைதீன் பாட்சாவைக் கொண்டே அவருடைய படத்தை எழுப்பி முன்னால் மாற்ற வைத்தார். ஜெயபாய் தன் படத்தின் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டு, ராஜபாளையம் ரோட்டில் வெளிச்சம் வருவதைப் பார்த்தார். எல்லோரும் ஏறியாச்சா என்று வேல்சாமி திரும்பிக் கேட்டார். கண்டக்டர் விரல் நீட்டி ஒவ்வொரு தலையாக எண்ணினார்.

"இருவத்திரெண்டு பேரும் ஏறியாச்சு அண்ணாச்சி. போலாம், ரைட்டு!"