வெளுத்த சிறகு

தீவுக் குடிலில் அன்று நால்வர் இருந்தார்கள். ஜன்னலோரம், மேஜையின் தலைப்பக்கம், பதினோரு வருடமாக இங்கே வந்து கடற்காகம் எண்ணுகிறவர். எதிர் நாற்காலியில், மனைவியின் தங்கையைக் கட்டிய சகலை. அவர் தையல்காரர், தீவுக்கு வந்து மூன்றே நாள். நடுவில், தேநீர்ப் பாத்திரத்துக்குக் காவலாக, எண்ணுகிறவரின் மனைவி. வாசற்படியில் படகுக்காரர், ஒரு கால் உள்ளே, ஒரு கால் வெளியே.

அரிய பறவைப் பதிவுகளைச் சரிபார்க்கும் குழுவுக்குக் கடிதம் எழுதவேண்டும். எண்ணுகிறவர் பேனா மூடியைக் கழற்றி அரைமணி ஆகிறது.

காலை ஏழு மணிக்கு, வடக்குப் பாறையில், சாதாரணக் கூட்டத்துக்கு நடுவே, இறக்கை நுனியில் கறுப்பே இல்லாத கடற்காகம் ஒன்று நிற்பதைச் சகலை பார்த்துவிட்டார். இந்தக் கடலில் அந்த இனத்தை யாரும் பார்த்ததாகப் பதிவில்லை. சகலை பார்த்ததோ இரவல் பைனாகுலரில்.

"எப்படித்தான் கண்டுபிடிச்சீங்க, தம்பி?" மனைவி இரண்டாவது கோப்பையையும் அவருக்கே ஊற்றினாள்.

"துணி வெட்டுறவனுக்கு ஓரம்தானே முதல்ல கண்ணுல படும், அக்கா."

"இவரும் பதினோரு வருஷமா கண்ணாடியைக் கண்ணுல ஒட்டிக்கிட்டுத்தான் திரியுறாரு. கண்ணைச் சுத்தி வட்டம் விழுந்ததுதான் மிச்சம்."

எண்ணுகிறவருக்கு வயிறு எரிந்தது: நேற்றைய மழைக்கு முளைத்த காளானுக்கு வந்த வாழ்வைப் பார்.

நிற்கும்போது பார்த்தது மட்டும் குழுவுக்குப் போதாது. பறக்கையில் இரண்டு இறக்கையும் விரிந்ததை யாராவது பார்த்திருக்க வேண்டும். சகலையோ, "அது பறந்தப்ப நான் குனிஞ்சு ஷூ லேஸ் கட்டிக்கிட்டிருந்தேன்" என்று ஒளிக்காமல் சொல்லிவிட்டார். அதை அப்படியே எழுதினால் போதும், பதிவு தள்ளுபடி. ஒரு பொய்கூடச் சொல்ல வேண்டாம். நினைக்கவே தேனாக இருந்தது.

ஆனால் சட்டைப்பையில் குறிப்பேடு கனத்தது. அதே பறவை ஆறு பத்துக்கு அவர் தலைக்கு மேலேயே பறந்துபோயிருந்தது. இரண்டு நுனியும் வெள்ளை. 'வெயிலில் வெளுத்த சிறகு' என்று எழுதி, சாதாரணப் பறவைகளின் எண்ணிக்கையில் ஒரு கோடு போட்டு முடித்துவிட்டார். பழஞ்சிறகு அப்படி வெளுக்கும் என்று தெரிந்தவருக்கு மட்டுமே வரக்கூடிய தவறு.

"விடுங்க அண்ணே," என்றார் சகலை. "நீங்க பார்த்திருந்தா ஒரே பார்வையில சொல்லியிருப்பீங்க. எனக்குக் கொடுப்பினை இல்லை."

ஊசி ஏறியது. குத்தியவருக்கு அது தெரியவில்லை.

"தண்ணி வத்துது சார், படகு தரைதட்டிடும்," என்றார் படகுக்காரர்.

எண்ணுகிறவர் எழுதினார்: 'காலை 6.10க்கு இதே பறவை பறந்ததை நான் பார்த்தேன். இரண்டு இறக்கை நுனியும் வெள்ளை. வெளுத்த சிறகு என்று தவறாக நினைத்துச் சாதாரணப் பறவையாகக் குறித்துவிட்டேன். இன்ன இனம் என்று கண்டுசொன்னவர் என் சகலை.' படித்துப் பார்த்துவிட்டு, 6.10 என்பதன் அடியில் இரண்டு கோடு இழுத்தார்.

"அதுக்கு எதுக்கு ரெண்டு கோடு?" தோளுக்கு மேலாக மனைவி கேட்டாள்.

"நேரம் முக்கியம்."

மேற்கொண்டு யாரும் படிக்குமுன் உறையில் போட்டு, பசை தடவி, கட்டைவிரலால் ஓரம் முழுதும் அழுத்தி, படகுக்காரர் கையில் கொடுத்தார்.